தலைமடை லிங்கியூ, கடைமடை சாங்கி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. பேசியதை மலருக்காகச் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



வழக்கமாக இந்த மேடையில் ஒரு பெரியவரைப் பற்றியோ ஒரு நூலைப் பற்றியோ பேசுவார்கள். இந்த ஆண்டு நான் தண்ணீரைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். காரணம், ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி. "டீச்சர், நம்ம லயத்துக்குப் பின்னால ஓடுற தண்ணி எங்க போய் முடியுது?" என்று கேட்டாள். ஆற்றுக்குப் போகிறது என்றேன். ஆறு எங்கே போகிறது என்றாள். கடலுக்கு என்றேன். "எந்தக் கடல்?" என்று அவள் விடவில்லை. வரைபடத்தை விரித்துக் காட்டினேன். நம் ஓடை ஜொகூர் ஆற்றில் சேர்கிறது. ஜொகூர் ஆறு போய்ச் சேரும் கடல், சிங்கப்பூரின் சாங்கிக்கு எதிரே இருக்கும் கடல்.

வகுப்பே வாயைப் பிளந்தது. ஏனென்றால் சாங்கி என்றால் நம் பிள்ளைகளுக்கு விமானம்தான். 1981-இல் திறந்த அந்த விமான நிலையத்தில் நம் தோட்டத்து இளைஞர்கள் சிலர் வேலை செய்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பாலத்தைக் கடந்து போகிறார்கள். வயதானவர்களைக் கேட்டால் சாங்கி என்றதும் சிறைச்சாலை என்பார்கள். 1936-இல் கட்டிமுடித்த சிறை அது. ஜப்பான்காரன் காலத்தில் போர்க்கைதிகளை அடைத்து வைத்ததால் உலகமெல்லாம் பெயர் தெரிந்த இடமாயிற்று. ஆனால் சாங்கியில் மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. சாங்கி முனைப் படகுத்துறை. பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு புறப்படும். ஒரு படகு உபின் தீவுக்குப் போகும், இன்னொன்று நம் ஜொகூர்க் கரையில் உள்ள பெங்கேராங்குக்கு வரும். அந்தத் துறையில் நின்று கிழக்கே பார்த்தால் தேக்கோங் தீவு தெரியும். அதன் பின்னால்தான் ஜொகூர் ஆற்றின் முகத்துவாரம்.

நம் பாட்டன்மார் ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது தலைமடை, கடைமடை என்று சொல்வார்கள். மதகுக்குப் பக்கத்தில் உள்ள வயல் தலைமடை. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல் கடைமடை. தலைமடைக்காரன் என்ன செய்தாலும் அது கடைமடைக்காரனைப் பாதிக்கும். அந்தக் கணக்கில் சாங்கி கடைமடை. தலைமடை எது? அது லிங்கியூ ஏரி. நம் மாநிலத்தின் காட்டுக்குள் இருக்கிற, நம்மில் பெரும்பாலோர் பார்த்தே இராத ஏரி. இன்று கடைமடையிலிருந்து தலைமடைக்கு, ஆற்றை எதிர்த்து உங்களை அழைத்துப் போகிறேன்.

தேக்கோங்கைத் தாண்டி ஆற்றுக்குள் நுழைந்தால் முதலில் அது ஆறு மாதிரியே இருக்காது. கடலின் ஒரு கை நிலத்துக்குள் நீண்டிருப்பது போல அகலமாக இருக்கும். இரு கரையிலும் சேறு. சேற்றில் முட்டு முட்டாக வேர் ஊன்றி நிற்கும், நாம் பாக்காவ் என்று சொல்லும் கண்டல் மரங்கள். இன்னும் மேலே போனால் ஜொகூர் லாமா வரும். ஜொகூர் சுல்தான்களின் பழைய தலைநகர். 1587-இல் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து அந்தக் கோட்டையை அழித்தார்கள். ஆற்று வாயைப் பிடித்தவன் உள்நாட்டையும் பிடித்தான் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

பிறகு கோத்தா திங்கி. அங்கே இரவில் படகேறி மின்மினி பார்க்கப் போனவர்கள் இங்கே இருப்பீர்கள். மின்மினிகள் கூட்டமாகத் தங்குவது ஆற்றோரத்து பெரெம்பாங் மரத்தில். அது உப்பு கொஞ்சமாகக் கலந்த தண்ணீரில் வளரும் மரம். ஆகவே அந்த மரம் நிற்கிற இடம் வரைக்கும் கடலின் நாக்கு எட்டுகிறது என்று பொருள். கடலை விட்டு இவ்வளவு தூரம் உள்ளே வந்த பிறகும் ஆறு அலைக்கு ஏறுகிறது, அலைக்கு இறங்குகிறது. இந்த ஒன்றை நீங்கள் மனத்தில் வாங்கிக்கொண்டால், லிங்கியூ ஏரி எதற்காக இருக்கிறது என்பது தானே விளங்கிவிடும்.

வகுப்பில் பிள்ளைகள் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு நீளமான கண்ணாடித் தொட்டியில் நல்ல தண்ணீர். ஒரு குவளையில் உப்பைக் கரைத்து, நீல மை இரண்டு சொட்டு விட்டு, தொட்டியின் ஒரு முனையில் ஓரமாக மெதுவாக ஊற்றினோம். நீலம் மேலே கலக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கலக்கவில்லை. அப்படியே அடியில் இறங்கி, பாம்பு மாதிரித் தரையோடு ஊர்ந்து மறுமுனை வரை போயிற்று. உப்புத் தண்ணீர் கனமானது, அதனால் அடியில் போகிறது. ஜொகூர் ஆற்றிலும் இதுதான் நடக்கிறது. மேலே நல்ல தண்ணீர் கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடியில் கடல்நீர் மேல்நோக்கி ஏறும். கரையில் நின்று பார்ப்பவனுக்கு அது தெரியாது. மழைக்காலத்தில் ஆற்றுக்குப் பலம் இருக்கும், கடலைத் தள்ளிவிடும். வெயில் காலத்தில் ஆறு மெலிந்தால், கடல் மேலும் மேலும் உள்ளே வரும்.

இனி ஒப்பந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதைப் பற்றி அரசியல்வாதிகள் நிறையப் பேசிவிட்டார்கள். 1962-இல் செய்த உடன்படிக்கைப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். 2061 வரை அது செல்லும். ஆயிரம் கேலனுக்கு மூன்று காசு. சுத்தம் செய்த தண்ணீரில் ஒரு பங்கை ஆயிரம் கேலன் ஐம்பது காசுக்கு ஜொகூர் திரும்ப வாங்கிக்கொள்ளும். விலை நியாயமா இல்லையா என்பதை நான் இங்கே தொடவில்லை. கோத்தா திங்கி வட்டாரத்தில் சிங்கப்பூர் கட்டிய சுத்திகரிப்பு நிலையம் 1968-இல் திறக்கப்பட்டது. ஜொகூரின் சொந்த நிலையங்களும் இதே ஆற்றை நம்பித்தான் இருக்கின்றன. நாம் குழாயைத் திறந்தாலும் சாங்கிக்காரர் திறந்தாலும் ஒரே ஆறுதான்.

ஆற்றிலிருந்து எடுக்க எடுக்க ஆறு மெலியும். ஆறு மெலிந்தால் உப்பு ஏறும். எடுக்கும் இடத்துக்கே உப்பு வந்துவிட்டால் ஒரு சொட்டும் எடுக்க முடியாது. இதற்காகத்தான் 1990 நவம்பரில் இன்னோர் உடன்படிக்கை போட்டார்கள். மேலே, லிங்கியூ ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டுவது. மழைக்காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்து, வெயில் காலத்தில் ஆற்றில் விடுவது. செலவு சிங்கப்பூருடையது. ஏரி 1995-இல் ஆயத்தமாயிற்று.

இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். லிங்கியூ ஏரியிலிருந்து குழாய் போட்டுச் சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொண்டு போகிறார்கள் என்று எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. ஏரித் தண்ணீர் மதகு வழியாக ஆற்றில்தான் விடப்படுகிறது. அது ஆற்றோடு ஆறாக ஓடி வந்து, கோத்தா திங்கிப் பக்கத்தில் கடலை எதிர்த்துத் தள்ளுகிறது. தள்ளிய பிறகுதான் நல்ல தண்ணீரை எடுக்க முடிகிறது. குடிப்பதற்கு ஒரு பங்கு, கடலை மறித்து நிற்பதற்கு ஒரு பங்கு. தண்ணீரே தண்ணீருக்குக் காவல்! பின்னாளில் உப்பு மேலே ஏறாமல் இருக்கக் கோத்தா திங்கி வட்டாரத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணையும் கட்டியிருக்கிறார்கள். அது கதவு என்றால், ஏரி கதவுக்குப் பின்னால் நிற்கும் ஆள்.

இனி ஏரிக்கு வருவோம். ஜொகூர் ஆறு ஏறக்குறைய 122 கிலோமீட்டர் நீளம். குனோங் கெமுரோ மலைப் பக்கத்தில் பிறந்து தெற்கே ஓடி வருகிறது. சாயோங், லிங்கியூ, செமாங்கார் முதலிய கிளையாறுகள் அதற்குத் தண்ணீர் கொடுக்கின்றன. இவற்றில் லிங்கியூவை மட்டும் மறித்து எடுத்ததுதான் இந்த ஏரி. இது குளம் மாதிரி வட்டமாக இருக்காது. ஒரு பள்ளத்தாக்கை மறித்தால், தண்ணீர் பின்னால் ஏறி அந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு சிற்றோடைக்குள்ளும் நுழைந்துவிடும். அதனால் வரைபடத்தில் பார்த்தால் விரல்களை விரித்த கை போல, அல்லது இலையில்லாத மரக்கிளை போல இருக்கும். முன்பு குன்றுகளாக இருந்தவை இப்போது தீவுகளும் முனைகளும். தண்ணீர் இறங்கும் காலத்தில் பழைய காட்டு மரங்களின் பட்ட கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

சுற்றிலும் காடு. அந்தக் காடு அழகுக்காக விட்டது அன்று. ஏரிக்கும் அதற்குத் தண்ணீர் தரும் காட்டுக்குமாகச் சேர்த்து 21,600 ஹெக்டேர் ஒதுக்கினார்கள். சிங்கப்பூர் முழுவதையும் பத்தாகப் பங்கிட்டால் ஏறக்குறைய மூன்று பங்கு வரும். காட்டில் விழும் மழை நேராக ஓடி வராது. இலையில் தங்கி, சருகில் ஊறி, மண்ணில் இறங்கி, மெள்ளக் கசிந்து வரும். மழை நின்று வாரக்கணக்கில் ஆனாலும் ஓடையில் தண்ணீர் இருப்பதற்கு இதுதான் காரணம். மொட்டை நிலத்தில் விழும் மழையோ மண்ணையும் அள்ளிக்கொண்டு ஒரே நாளில் வந்து, மறுநாள் போய்விடும். மறுநடவுக்காகப் பழைய செம்பனையைச் சாய்த்த பிறகு நம் ஓடை என்ன நிறத்தில் ஓடியது என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சேறு ஏரிக்குள் போனால் அடியில் படிந்து ஏரியின் கொள்ளளவைத் தின்றுவிடும்.

பெரியவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் முல்லைப்பெரியாறு பற்றிச் சொல்லக் கேட்டிருப்பார்கள். 1895-இல் பென்னிகுயிக் என்ற ஆங்கிலப் பொறியாளர் கட்டி முடித்த அணை. ஏரி இருப்பது மலையாள நாட்டில், பாய்வது தமிழ் நாட்டு வயலில். அந்தத் தேக்கடி ஏரியிலும் பட்ட மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. மேலே ஒருவர் கையில் ஏரி, கீழே இன்னொருவர் வாயில் தண்ணீர். உலகத்தில் எங்கெல்லாம் இப்படி இருக்கிறதோ அங்கெல்லாம் பேச்சு ஓயாது. சிங்கப்பூருக்கு அந்த அச்சம் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தபோது, அதன் மேல் போன தண்ணீர்க் குழாயும் போயிற்று. பதினைந்தே நாளில் சிங்கப்பூர் விழுந்தது. விழுந்ததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

ஏரி வந்ததால் யாருக்கும் நட்டமே இல்லையா? இருந்தது. இதைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்க மாட்டார்கள். அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அந்த லிங்கியூ பள்ளத்தாக்கு ஜக்கூன் எனப்படும் பூர்வகுடி மக்களின் பரம்பரைக் காடு. வேட்டை, மீன், பிரம்பு, பழம், மருந்து எல்லாம் அவர்களுக்கு அங்கேதான். அவர்கள் கையில் பட்டா இல்லை, கிராண்டு இல்லை. அணைக்காக நிலத்தை எடுத்தபோது மாநிலத்துக்குச் சிங்கப்பூர் 320 மில்லியன் வெள்ளி இழப்பீடு தந்தது. காட்டையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு அதில் உரிய பங்கு வரவில்லை. அடோங் பின் குவாவ் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களுமாக 52 பேர் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 53,273 ஏக்கர் பற்றிய வழக்கு. 1996-இல் தீர்ப்பு வந்தது. காகிதம் இல்லாவிட்டாலும் தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாழ்ந்து பிழைத்ததே ஓர் உரிமை, அரசியல் சட்டப்படி அந்த உரிமையைப் போதிய இழப்பீடு இல்லாமல் பறிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியது. 26.5 மில்லியன் வெள்ளி கொடுக்க உத்தரவாயிற்று. மேல்முறையீட்டிலும் 1998-இல் அது நின்றது. இந்த நாட்டில் பூர்வகுடிகளின் நில உரிமைக்கு அடிகோலிய வழக்கு இது என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

இழந்தவை என்னென்ன என்று அந்தத் தீர்ப்பு கணக்கெடுத்த விதம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பரம்பரை நிலம் போயிற்று. தங்கித் திரியும் சுதந்திரம் போயிற்று. காட்டு விளைபொருள் போயிற்று. தன் குடும்பத்தின் நாளைய பிழைப்புப் போயிற்று. பிறக்கப்போகும் சந்ததியின் பிழைப்பும் போயிற்று. இப்படி ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறது. துண்டாடல் காலத்திலும் அதற்குப் பின்னும் தோட்டம் விற்று லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, நம் ஆட்களுக்கு யாராவது இப்படி எண்ணிக் கொடுத்தார்களா? மூன்று தலைமுறை வியர்வைக்கு எத்தனை வெள்ளி என்று எண்ணினார்கள்? பிறந்த இடம், கும்பிட்ட கோயில், புதைத்த இடம் இவற்றுக்கு எத்தனை என்று கேட்க நமக்குத் தெரியாமல் போயிற்று. காட்டில் வாழ்ந்த ஜக்கூன்களுக்குத் தெரிந்தது. இலங்கை மலையகத்தில் நம்மைப் போன்ற தோட்ட மக்கள் நடுவில் மௌசாகலை நீர்த்தேக்கம் 1969-இல் வந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீரில் மூழ்கியது. தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும் என்பார்கள். ஏரி என்றாலே அடியில் யாரோ ஒருவருடைய ஊரோ காடோ இருக்கிறது.

சரி, நட்டத்தைக் கொடுத்துக் கட்டிய ஏரி என்றைக்கும் நிறைந்தே இருக்குமா? இருக்காது. 2015-லும் 2016-லும் மழை பொய்த்தது. ஆற்றில் உப்பு ஏறாமல் இருக்க ஏரியிலிருந்து விட்டுக்கொண்டே இருந்தார்கள். வந்தது குறைவு, விட்டது அதிகம். 2016 அக்டோபரில் ஏரி இருபது விழுக்காட்டுக்கு இறங்கியது. கட்டிய நாளிலிருந்து அவ்வளவு கீழே போனதில்லை. கரைச் சேறு வெடித்து, அடியில் இருந்த பழைய மரக்கட்டைகள் வெயிலில் கிடந்தன. சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் அதைப் பற்றிப் பேசினார்கள். நம் பக்கத்திலோ அந்த இரண்டு ஆண்டும் ஜொகூரில் பல இடங்களில் குழாய்த் தண்ணீருக்கு முறை வைத்தார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்து நின்றதை எந்தத் தாயும் மறந்திருக்க மாட்டார்.

ஏரி நம் இ.பி.எஃப். பணம் மாதிரி. சேர்ந்த அளவுதான் எடுக்கலாம். முன்கூட்டியே எடுத்துவிட்டால், உண்மையான தேவை வரும்போது இருக்காது.

இதற்கு நேர் எதிரான ஆண்டும் உண்டு. 2006 டிசம்பரிலும் அடுத்த 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரம் இரண்டு முறை முழுகியது. "அணை இருக்கிறதே, ஏன் தடுக்கவில்லை?" என்று அப்போது பலர் கேட்டார்கள். லிங்கியூ அணை லிங்கியூ ஆற்று மழையைத்தான் பிடிக்கும். மற்ற கிளையாறுகளில் கொட்டும் மழை அதன் கைக்கு எட்டாது. அதோடு கடல் ஏற்றமும் சேர்ந்தால் வெள்ளம் வடிய வழி இல்லை. ஓர் ஆற்றுக்கு ஒரு தலைமடைதான் என்று நான் தொடக்கத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். ஜொகூர் ஆற்றுக்குப் பல தலைகள் உண்டு. அதில் ஒரு தலைக்குத்தான் கடிவாளம்.

அந்தப் பல தலைகளில் நம் தோட்டத்து ஓடையும் ஒன்று. இனி நான் பெற்றோர்களைப் பார்த்துப் பேசுகிறேன்.

2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா அளவுக்கு மேல் ஏறிவிட்டது. சிங்கப்பூரின் சுத்திகரிப்பு நிலையம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஜொகூர்ப் பக்கத்து நிலையங்கள் சிலவும் நின்றன. 2017-லும் இப்படி நடந்திருக்கிறது. அம்மோனியா எங்கிருந்து வருகிறது? ஆலைக் கழிவு, கோழிப்பண்ணை, குப்பைமேடு, சாக்கடை எல்லாவற்றிலிருந்தும் வரலாம். நாம் மரத்தடியில் போடும் உரத்திலிருந்தும் வரும். யூரியா மண்ணில் அம்மோனியாவாக மாறும், அம்மோனியம் சல்பேட்டிலும் இருப்பது அதுதான். மரம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் மழை கொட்டினால், உரம் வாய்க்கால் வழியாக ஓடைக்கு, ஓடை வழியாக ஆற்றுக்குப் போகிறது. அம்மோனியா கலந்த தண்ணீரில் கிருமி கொல்லக் குளோரின் போட்டால், குளோரின் முதலில் அம்மோனியாவோடுதான் சேரும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. போடப் போடத் தின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் நிலையத்தையே மூட வேண்டியிருக்கிறது. லிங்கியூ ஏரியைத் திறந்துவிட்டு அழுக்கைக் கழுவித் தள்ளலாம். ஆனால் வெயில் காலத்துக்கென்று சேர்த்து வைத்த தண்ணீர் அப்படிக் கரைந்து போகிறது.

உடனே தோட்டக்காரனைக் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கறுத்துக்கொண்டு வரும் வானத்தைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு உரம் வேணாமே" என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? மண்டோர் சொன்ன மூட்டையை முடித்தால்தான் பேர் விழும். இன்று உரம் போடுபவர்களில் பலர் நம் மொழி பேசாத வெளிநாட்டுத் தொழிலாளிகள். அவர்களுக்கு இந்த ஓடை சாங்கிக்குப் போகிறது என்று யார் சொல்லப் போகிறார்கள்? ஆகவே முதலில் நிருவாகம் செய்ய வேண்டியது உண்டு. ஆற்றோரத்தில் ஒதுக்கு நிலம் விட்டு, புல்லும் மரமும் வளர விட வேண்டும். அந்தப் பச்சைக்கரை உரத்தையும் மண்ணையும் வடிகட்டிப் பிடித்துக்கொள்ளும். மழை அடைக்கும் வாரத்தில் உரம் கூடாது.

நாம் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. மருந்து அடித்த பம்பை ஓடையில் அலசுகிறோம். அலசாதீர்கள். காலி உரப்பையை ஓடைக்கரையில் போடாதீர்கள், அதைத் துவைத்து வேறு காரியத்துக்கும் எடுக்காதீர்கள். பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். சாங்கிக்காரருக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஓடையில்தானே நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை குதிக்கிறார்கள்?

சாங்கியின் பேச்சை எடுத்தேன், முடித்துவிடுகிறேன். கோத்தா திங்கியில் எடுத்த தண்ணீர் சுத்தமாகி, பெரிய குழாயில் தெற்கே போய், பாலத்தைக் கடந்து சிங்கப்பூரின் வீடுகளுக்குப் போகிறது. அங்கே குளித்து, சமைத்து, துவைத்த பிறகு அதை என்ன செய்கிறார்கள் தெரியுமா? தீவின் அடியில் கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டருக்கு ஆழமான சுரங்கம் தோண்டி வைத்திருக்கிறார்கள். அழுக்குத் தண்ணீர் பம்பு இல்லாமல், சரிவிலேயே ஓடிப் போகும்படி அமைத்த சுரங்கம். மண்ணுக்கடியில் ஓர் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முடியும் இடத்தில், சாங்கியில், பம்பு வைத்து மேலே தூக்கிச் சுத்தம் செய்கிறார்கள். திறந்தபோது நாளொன்றுக்கு எட்டு லட்சம் கனமீட்டர் வரை சுத்தம் செய்யக்கூடியதாக இருந்த நிலையம். 2009-இல் முறைப்படி திறந்தார்கள். அதன் கூரைமேல் 2010-இல் இன்னோர் ஆலை வந்தது. சுத்தமான தண்ணீரை அங்கே மறுபடி நுண்ணிய சவ்வுகளில் வடிகட்டி, நியூவாட்டர் என்று பெயர் வைத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். வெயில் காலத்தில் நீர்த்தேக்கங்களிலும் கலக்கிறார்கள். மீதி குழாய் வழியாகக் கடலுக்குப் போகிறது.

ஆக, லிங்கியூ காட்டில் விழுந்த ஒரு துளிக்குச் சாங்கி போக இரண்டு வழி. ஆற்றோடு ஓடி, உப்பைத் தள்ளி, தேக்கோங்கைச் சுற்றிக் கடலாகப் போகலாம். அல்லது குழாயேறி, யாரோ ஒருவர் வீட்டுச் சோற்றுப்பானையில் கொதித்து, சுரங்கம் வழியாக அதே சாங்கிக்குப் போகலாம். இரண்டாவது வழியில் போனது மறுபடி மறுபடி உயிர் பெறுகிறது. சிறிய தீவுக்காரர்கள் ஒரு சொட்டை இரண்டு முறை எண்ணக் கற்றுக்கொண்டார்கள். பெரிய காடும் பெரிய ஆறும் வைத்திருக்கும் நாம் ஒரு முறைகூட எண்ணுவதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

விமான நிலையத்தில் 2019-இல் திறந்த ஜுவெல் கட்டடத்துக்குள் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். பேசட்டும், அழகாகத்தான் இருக்கிறது. கூரையில் விழும் மழையைப் பிடித்துத்தான் அதை ஓட விடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறையில் அவர்களைக் கோத்தா திங்கியில் குனோங் முந்தாஹாக் மலை அருவிக்கும் கூட்டிப் போங்கள். நுழைவுச்சீட்டு இருக்கிறது, செலவு பெரிதல்ல. விமான நிலையத்தில் ஒரு காப்பிக்குக் கொடுக்கும் காசை எண்ணினால் இது எவ்வளவோ தேவலாம்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சாங்கி முதல் லிங்கியூ வரையிலான ஆற்றைக் களிமண்ணில் செய்து வகுப்பறையில் வைத்திருக்கிறார்கள். நம் தோட்டத்து ஓடைக்கு அவர்களே சிவப்பு நூல் கட்டி அடையாளம் போட்டிருக்கிறார்கள். பரிசளிப்பு முடிந்து தேநீருக்குப் போகும் வழியில் எல்லாரும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் கேள்வி கேளுங்கள், பதில் சொல்வார்கள். தொட்டியில் இருக்கும் நீலத் தண்ணீர் உப்புத் தண்ணீர், மையும் கலந்தது. சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்திக்கொள்ளுங்கள்.